ரீமேப் செய்த காருக்கு இன்ஷூரன்ஸ்: பிரீமியமும் கட்டுப்படியாக வேண்டும், கிளைமும் நிற்க வேண்டும்

என் சித்தப்பா மகனுடைய டீசல் கார் ஐப்பசி மழையில் பாலக்காடு ரோட்டில் முன்னால் போன லாரியின் பின்பக்கம் மோதியது. ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அது பெரிய நிம்மதி. கார்தான் முகம் நசுங்கி நின்றது: பானெட், ரேடியேட்டர், இன்டர்கூலர், இரண்டு ஹெட்லைட், பம்பர். ஒர்க்‌ஷாப்பில் போட்ட எஸ்டிமேட் 2,80,000 ரூபாய். மூன்றாம் நாள் சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். வளைந்து கிடந்த பானெட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சை அடித்துக் கீழே பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். ஃப்யூயல் ரெயிலுக்குப் பக்கத்தில் இரண்டு டேக் போட்டுக் கட்டிய, உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி: இன்ஜின் பவரைக் கூட்டும் ட்யூனிங் பாக்ஸ். அதிலிருந்து ஒரு வயர் பிரஷர் சென்சாருக்குப் போகிறது.

"இது என்னங்க தம்பி?"

"பிக்கப்புக்காகப் போட்டதுங்க சார்."

"பாலிசி எடுக்கும்போது சொன்னீங்களா?"

அவன் பதில் சொல்லவில்லை. அவர் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, தன் பேடில் ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விட்டார். லாரிக்காரர் திடீரென்று பிரேக் அடித்தார், ரோடு ஈரம், டயர் வழுக்கியது. அந்தப் பெட்டிக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் கிளைம் மூன்று மாதம் இழுத்தது, எத்தனையோ கடிதங்களுக்குப் பிறகு 75 சதவீதத்துக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். அவன் கையிலிருந்து போனது 70,000 ரூபாய். பெட்டியின் விலை 18,000. அதை முன்கூட்டியே சொல்லி, கம்பெனியும் ஏற்றுக்கொண்டிருந்தால் கூடுதலாகக் கட்டவேண்டியது வருடத்துக்கு 720 ரூபாய்தான். இந்த 720 எப்படி வருகிறது என்பதைக் கீழே சொல்கிறேன், அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கார் இன்ஷூரன்ஸ் என்று நாம் ஒரே பேப்பராக வாங்குவது உண்மையில் இரண்டு இன்ஷூரன்ஸ். ஒன்று தேர்டு பார்ட்டி. நம் காரால் அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ பொருளுக்கோ சேதம் வந்தால் அவருக்குக் கிடைப்பது. மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவின்படி இது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது. இதன் கட்டணம் அரசு வைப்பது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகை. 2022 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த பட்டியல்படி தனியார் காருக்கு வருடத்துக்கு 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. கவனியுங்கள், கணக்கு சிசியைப் பொறுத்தது, பவரைப் பொறுத்தது அல்ல. 999 சிசி டர்போ காரை ரீமேப் செய்து, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி, எவ்வளவு பவர் ஏற்றினாலும் சிசி மாறாது, இந்தத் தொகையும் மாறாது.

இன்னொன்று ஓன் டேமேஜ், அதாவது நம் சொந்தக் காருக்கான சேதம், திருட்டு, தீ, வெள்ளம். இதற்கான பிரீமியம் காரின் ஐடிவியைப் பொறுத்தது. ஐடிவி என்றால் ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்த மதிப்பு: ஒரு வருடம் முடிந்து இரண்டாம் வருடம் ஓடும் காருக்கு 20 சதவீதம் கழியும், நான்கு முடிந்து ஐந்தாம் வருடத்துக்கு 50 சதவீதம். 2007 ஜனவரியிலிருந்து இந்தப் பகுதியின் விலையைக் கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்ளலாம், அதனால்தான் ஒரே காருக்கு ஒரு இடத்தில் 9,000, இன்னொரு இடத்தில் 14,000 என்று வருகிறது. ட்யூனிங் விஷயம் விலையைத் தொடுவது இந்த ஓன் டேமேஜ் பக்கத்தில்தான்.

இப்போது அந்த 720. காரோடு கம்பெனியிலிருந்து வராத மின், மின்னணு சாமான்களைத் தனியாக மதிப்புச் சொல்லிச் சேர்த்தால், அந்த மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது 2002ஆம் ஆண்டின் இந்தியன் மோட்டார் டாரிஃப் வைத்த கணக்கு. சிஎன்ஜி, எல்பிஜி கிட்டுக்கும் அதே 4 சதவீதம், அதோடு தேர்டு பார்ட்டி பக்கத்தில் 60 ரூபாய். கம்பெனிகள் இன்றும் பெரும்பாலும் இதையொட்டித்தான் போடுகின்றன. 18,000 ரூபாய் பெட்டிக்கு 4 சதவீதம் போட்டுப் பாருங்கள். 60,000 ரூபாய் கேஸ் கிட்டுக்கு 2,400 சொச்சம். இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சொல்வதால் வரும் செலவு நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லவே இல்லை, சொல்லாமல் விடுவதில்தான் பணம் போகிறது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்

இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் மற்ற ஒப்பந்தங்கள் மாதிரி இல்லை. காரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரியாது, அதனால் பாலிசி கொடுப்பதா, என்ன விலைக்குக் கொடுப்பது என்ற முடிவை மாற்றக்கூடிய எதையும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாமாகவே சொல்லவேண்டும் என்பது இதன் அடிப்படை. இன்ஜின் பவரைக் கூட்டியது அப்படிப்பட்ட விஷயமா என்றால், ஆமாம், சந்தேகமே வேண்டாம்.

சொல்லாததைக் கண்டுபிடித்தால் கிளைமை முழுவதும் மறுக்கலாம். அல்லது என் தம்பிக்கு ஆனமாதிரி நான்-ஸ்டாண்டர்டு என்று சொல்லி ஒரு பகுதியை வெட்டலாம். இந்த 75 சதவீதம் சும்மா வந்த எண் இல்லை: பாலிசி நிபந்தனையை மீறியதாகச் சொல்லப்பட்ட ஒரு வழக்கில், 2010இல் அமலேந்து சாகு எதிர் ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் கிளைமை ஒரேயடியாக மறுக்காமல் நான்-ஸ்டாண்டர்டு அடிப்படையிலாவது, அதாவது 75 சதவீதம் வரையாவது, பார்க்கவேண்டும் என்றது. கிளைம் மறுக்கப்பட்டவர்கள் வாதாடும்போது இந்தத் தீர்ப்பைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இது மூழ்குகிறவன் பிடிக்கிற கட்டை, இதை நம்பிக்கொண்டு தண்ணீரில் இறங்கக் கூடாது.

நிறையப் பேர் கவனிக்காதது தேர்டு பார்ட்டி பக்கம். "அது எப்படியும் கிடைத்துவிடும், சட்டம் இருக்கிறதே" என்பார்கள். சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் அதே சட்டத்தின் 150ஆம் பிரிவு, கம்பெனி எந்தெந்தக் காரணத்தைச் சொல்லிப் பொறுப்பிலிருந்து விலகலாம் என்று ஒரு சிறிய பட்டியல் தருகிறது. முக்கியமான விஷயத்தை மறைத்துப் பாலிசி வாங்கியது அந்தப் பட்டியலில் இருக்கிறது. கம்பெனி அதை நிரூபித்துவிட்டால், அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லியும் உத்தரவு வரலாம். சம்பாதிக்கிற வயதில் ஒருவர் இறந்துபோன வழக்குகளில் தீர்ப்புத் தொகை பல லட்சங்களுக்குப் போகும். பம்பருக்கு வெட்டுகிற 70,000 இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ரீமேப் செய்த ஒவ்வொருவரும் இந்த ஒரு பத்தியையாவது இரண்டு தடவை படிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எது மாற்றம், எது இல்லை

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. காரோடு வந்த ஸ்டாக் ஏர் பாக்ஸுக்குள் பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டுக் கழுவிப் போடும் ஃபில்டர் வைப்பது, நல்ல ஸ்பார்க் பிளக், நல்ல ஆயில், இதெல்லாம் பராமரிப்பு மாதிரிதான். ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அடுத்தது ட்யூனிங் பாக்ஸும் ஈசியு ரீமேப்பும். ஈசியு என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். பாக்ஸ் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய்யான அளவைக் காட்டிக் கூடுதல் டீசலை வாங்கித் தரும். ரீமேப் ஈசியுவுக்குள் இருக்கிற சாஃப்ட்வேரையே மாற்றும். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்பதால் மறைத்துவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களைச் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரில் மாட்டும்போது சாஃப்ட்வேர் மாறியிருந்தால் டிடி1 என்று ஒரு குறி கம்பெனிப் பதிவில் விழுந்துவிடும், வாரண்டியும் அதோடு போச்சு. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் அந்தக் குறி போகாது. பெரிய விபத்து என்றால் கம்பெனி ஆட்கள் ஈசியுவைப் படித்துப் பார்க்க வழி இருக்கிறது. அப்புறம் ட்யூனரிடம் பணம் கட்டிய ரசீது, இன்ஸ்டாவில் நாமே போட்ட டைனோ (பவரை அளக்கும் இயந்திரம்) வீடியோ, இவையெல்லாம் இருக்கவே இருக்கின்றன.

மூன்றாவது ரகம்தான் ஆபத்து. பெரிய டர்போ, வேறு இன்ஜின், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றி நேர்க்குழாய், டீசல் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப்பைக் காலி செய்வது. இங்கே இன்ஷூரன்ஸுக்கு முன்னால் சட்டமே குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டித் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சியில் இருக்கிற விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது; அதில் மாற்றம் என்பதற்கு வண்டியின் அமைப்பில் கைவைத்து அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றுவது என்று விளக்கமும் இருக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகை, சத்தம் விதிகளை மீறினால் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை தனி. சட்டம் அனுமதிக்காத ஒன்றை எந்தக் கம்பெனியும் பாலிசியில் ஏற்றித் தராது. ஆர்டிஓ அனுமதியோடு கேஸ் கிட் போட்டு ஆர்சியில் எரிபொருளை மாற்றிவிட்டு வந்தால் பாலிசியில் தாராளமாக ஏற்றுவார்கள், ஏனென்றால் அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இன்ஜின் மாற்றினாலும் அப்படித்தான், ஆர்டிஓவுக்குப் போகாமல் முடியாது.

யூடியூபில் வரும் ஆலோசனையைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மாடிஃபைடு கார் இன்ஷூரன்ஸ் என்று தேடினால் வருவது பெரும்பாலும் பிரிட்டன் வீடியோக்கள். அங்கே இதற்கென்றே தனிக் கம்பெனிகளும் தரகர்களும் இருக்கிறார்கள், போனில் கூப்பிட்டு ஸ்டேஜ் 1 (முதல்படி ட்யூனிங்) என்று சொன்னால் விலை சொல்வார்கள். நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே வழக்கமான கம்பெனிகளிடம்தான் போய், வழக்கமான பாலிசியில்தான் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும்.

எப்படிச் சொல்வது

ஆன்லைனில் ரினியூ செய்யும்போது கேஸ் கிட், ஆக்சசரீஸ் என்று கட்டம் இருக்கும், ரீமேப்புக்குக் கட்டம் இருக்காது. கட்டம் இல்லை என்பதற்காகச் சொல்லவேண்டியதில்லை என்று அர்த்தம் ஆகிவிடாது. பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கம்பெனியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்: பாலிசி நம்பர், வண்டி நம்பர், என்ன செய்திருக்கிறீர்கள், யாரிடம், என்றைக்கு, எவ்வளவு செலவு, முன்பு எவ்வளவு பவர், இப்போது எவ்வளவு. பில்லையும் போட்டோவையும் இணைத்து, "இதைப் பாலிசியில் எண்டார்ஸ்மெண்டாக ஏற்றித் தரவும், கூடுதல் பிரீமியம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று கேளுங்கள். எண்டார்ஸ்மெண்ட் என்ற அந்தச் சொல் முக்கியம். பாலிசி பேப்பரோடு ஒட்டிவரும் திருத்தத் தாள் அது, கையில் அது வந்தால்தான் வேலை முடிந்தது.

கிளை அலுவலகத்துக்கு நேரில் போகிறவர்கள் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டிடம் வாயால் சொல்வது சொன்னதாகவே ஆகாது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனால் சர்வேயர் ரிப்போர்ட்டில் அவருடைய நல்ல மனது வராது.

ஏற்க மாட்டோம் என்று பதில் வந்தால் வேறு கம்பெனியைக் கேளுங்கள். யாருமே ஏற்கவில்லை என்றால், பழைய ஃபைலை ஏற்றிவிட்டு, கழற்றிய ஒரிஜினல் சாமான்களை மாட்டிவிட்டு, ஸ்டாக் காராக ஓட்டுவதுதான் நேர்மையான வழி, செலவு குறைந்த வழியும் அதுதான். அதனால்தான் கழற்றிய சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

பிரீமியத்தை எங்கே குறைக்கலாம்

மாற்றத்தைச் சொன்னதால் ஏறுகிற ஆயிரம், இரண்டாயிரத்தை மற்ற இடங்களில் பிடித்துவிடலாம். முதல் ஆயுதம் என்சிபி, அதாவது நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். ஓன் டேமேஜ் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கிளைம் போடாதவர் 6,000 கட்டுவார். அவர் 5,000 ரூபாய் பம்பர் கீறலுக்குக் கிளைம் போட்டால் அடுத்த வருடம் 12,000 கட்டவேண்டும், மறுபடி 50ஐத் தொட இன்னும் ஐந்து வருடம். சின்னச் சேதத்தைக் கைக்காசில் பார்த்துக்கொள்வது லாபம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் ரினியூ செய்யாவிட்டால் சேர்த்துவைத்த என்சிபி மொத்தமும் போய்விடும், அதையும் மறக்கவேண்டாம். என்சிபி காருக்கு இல்லை, ஆளுக்கு. பழைய காரை விற்றுவிட்டு ட்யூன் செய்த காரை வாங்குகிறவர் தன் என்சிபியை அதற்குக் கொண்டுபோகலாம்.

அடுத்தது வாலண்டரி டிடக்டிபிள், அதாவது கிளைம் வந்தால் முதல் இவ்வளவு ரூபாயை நானே போட்டுக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொள்வது. டாரிஃப் கணக்கில் 7,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 ரூபாய் தள்ளுபடி. எப்படியும் சின்னக் கிளைம் போடப்போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு இது சும்மா கிடைக்கிற பணம். ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு 2.5 சதவீதம், 500 ரூபாய் வரை உண்டு.

ட்யூன் செய்த கார் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை ஊட்டி, வால்பாறை போகிற கார்தான், வேலைக்குப் போவது பைக்கில். அப்படியானால் 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்த, ஓடுகிற கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் ஆட்-ஆனை (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் வசதி) கேட்டுப் பாருங்கள். கூடவே அனுமதித்த, ஓட்டுகிற விதத்தைப் பார்த்துக் கணக்கிடும் வகையைச் சீறிப் பாய்கிறவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. காருக்குப் பத்து வயதாகி ஐடிவி ஒன்றரை லட்சம்தான் என்றால் தேர்டு பார்ட்டி மட்டும் வைத்துக்கொள்வதைப் பற்றியும் யோசிக்கலாம், ஆனால் உங்களுக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செலவைக் குறைக்கிறேன் என்று ஐடிவியைக் குறைத்துப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கார் திருடு போனால் கைக்கு வருவது அந்தத் தொகைதான்.

எவ்வளவு கட்டினாலும் கிடைக்காதவை இரண்டு. அதிக பூஸ்ட்டில் டர்போ போச்சு, பிஸ்டன் உருகிப்போச்சு என்றால் அது இயந்திரக் கோளாறு, பாலிசியில் அதற்கு இடமே இல்லை. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் என்பது தண்ணீர் புகுந்ததற்கும் ஆயில் ஒழுகியதற்கும்தான், ட்யூனர் செய்த தப்புக்கு அது வராது. இரண்டாவது, ரேஸ். கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி ஸ்பீட்வே ஆகட்டும், இருங்காட்டுக்கோட்டை டிராக் ஆகட்டும், போட்டி, வேகச் சோதனை எல்லாம் வழக்கமான பாலிசியில் விலக்கி வைக்கப்பட்டவை. டிராக்கில் சுவரில் மோதினால் செலவு முழுக்க நம்முடையது, அதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பழைய ஓனர் என்னென்ன செய்தார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஈசியுவைப் படித்துப் பாருங்கள், பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பித்துவிடுங்கள்.

எல்லாம் சொல்லியும், எண்டார்ஸ்மெண்ட் கையில் இருந்தும் கிளைமை மறுத்தால் பயப்படவேண்டாம். முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். அங்கே முதலில் கேட்பது நீங்கள் எழுதிய கடிதத்தையும் அவர்கள் தந்த பதிலையும்தான். என் தம்பியிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. இந்த வருடம் ரினியூவலுக்கு முன்னாலேயே பெட்டியைக் கழற்றிவிட்டான், கழற்றியதையும் போட்டோ எடுத்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான்.